ஹேவ்லாக் தீவில் நண்பர்கள் கல்யாணம்: போகும் முன் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

வேம்படி

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியில் கூடப் படித்த நண்பனும் தோழியும் பிப்ரவரி நடுவில் அந்தமானில், ஹேவ்லாக் தீவுக் கடற்கரையில் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அவன் பொள்ளாச்சிப் பக்கம், இந்துக் குடும்பம். அவள் நாகர்கோவில், கிறிஸ்தவக் குடும்பம். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்கவே வருஷக்கணக்கில் ஆயிற்று. எந்த ஊரில் வைத்தாலும் அது ஒரு பக்கத்து ஊராகிவிடும் என்பதால், இரண்டு பேருக்கும் பொதுவாக ஓர் இடம் வேண்டும் என்று தீவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வருவது 30 பேர்தான். ஏற்பாட்டில் பாதி என் தலையில். காலையில் தாலி கட்டுவதா மாலையிலா, எந்தக் கடற்கரை, கப்பலை எப்படித் திட்டமிடுவது, பரிசு என்ன கொண்டுபோவது என்று ஒன்றும் பிடிபடவில்லை. முட்டிவலி உள்ள பெரியவர்கள் சிலரும் வருகிறார்கள். போய்வந்தவர்கள், அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

முதலில் போக்குவரத்து. அதில் சறுக்கினால் மற்ற எதுவும் நிற்காது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம். அங்கிருந்து ஹேவ்லாக் வடகிழக்கே 40 கிலோமீட்டர் அளவு. கப்பலில்தான் போக வேண்டும். மக்ரூஸ், நாட்டிக்கா போன்ற தனியார் கப்பல்கள் ஹாடோ துறையிலிருந்து கிளம்பும், ஒன்றரை மணி நேரம் ஆகும். அரசுக் கப்பல் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து. கட்டணம் குறைவு, நேரம் கூடுதல். இரண்டு துறைகளும் வேறு வேறு இடம். பெரியவர்களை ஆட்டோவில் ஏற்றி அனுப்பும்போது துறையின் பெயரைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

டிக்கெட்டில் பெயர் மாறியிருப்பதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். ஹேவ்லாக் 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு ஆனது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சில் எல்லோரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

அப்புறம் ஒன்று. திரும்பும் நாளில் காலையில் கப்பல், மதியம் விமானம் என்று யாரும் டிக்கெட் போட வேண்டாம். கடல் கொஞ்சம் முறைத்தால் துறைமுகத்தில் கப்பலை நிறுத்திவிடுவார்கள். கடைசி இரவு போர்ட் பிளேரில் தங்கிவிட்டு மறுநாள் விமானம் ஏறுவதுதான் சரி. அதேபோல், கல்யாண நாள் காலையில் தீவுக்கு வந்து சேர்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குறைந்தது முதல் நாள் மதியத்துக்குள் எல்லோரும் தீவில் இருக்க வேண்டும்.

ஹாடோவாசி

நான் போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம். கணக்குப்பிள்ளை சொன்னது அத்தனையும் சரி. நான் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து வருகிற கல்யாணக்காரர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

சென்னை ஏறத்தாழ 80 பாகை தீர்க்கரேகையில் இருக்கிறது, ஹேவ்லாக் 93-இல். பாகைக்கு 4 நிமிடம் என்று போட்டால் 50 நிமிட வித்தியாசம் வரும். ஆனால் கடிகாரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பிப்ரவரி நடுவில் இங்கே காலை 5.40 வாக்கில் விடிந்து, மாலை 5.25 வாக்கில் சூரியன் விழுந்துவிடும். ஆறு மணிக்கு முன்பே நன்றாக இருட்டிவிடும். சென்னைப் பழக்கத்தில் "மாலை 5.30 மணிக்கு, சூரியன் மறையும் வேளையில்" என்று பத்திரிகை அடித்துவிட்டு, இருட்டில் கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு மோதிரம் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். மாலையில்தான் வைக்க வேண்டும் என்றால் 3.45, 4 மணிக்குத் தொடங்குங்கள். வெயிலும் தணிந்திருக்கும், நல்ல வெளிச்சமும் கிடைக்கும்.

மஞ்சள்கயிறு

ஹாடோவாசி அண்ணா, அப்படியானால் முகூர்த்தம்? பையன் வீட்டில் நிச்சயம் ஜோசியரைக் கேட்டிருப்பார்களே.

ஹாடோவாசி

நல்ல கேள்வி, சகோதரி. நம்மூர் நாட்காட்டியில் ராகு காலம், எமகண்டமெல்லாம் சூரிய உதயம் காலை 6 மணி என்று வைத்துப் போட்ட பொதுக் கணக்கு. லக்னம் அப்படியில்லை. இடத்துக்கு இடம் அது மாறும். பொள்ளாச்சிக்குக் குறித்த லக்னம் இங்கே சுமார் ஒரு மணி நேரம் முந்தியே தொடங்கி முந்தியே முடிந்துவிடும். ஆகவே ஜோசியரிடம் "தாலி கட்டுவது ஹேவ்லாக்கில்" என்று சொல்லி, அந்த ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்துக் குறிக்கச் சொல்லுங்கள். நம்பிக்கை உள்ள பெரியவர்கள் இவ்வளவு தூரம் வருகிறார்கள். அவர்களுக்குச் செய்கிற மரியாதை இது.

ஆழித்துரும்பு

ஹேவ்லாக்கில் சில பருவங்கள் முக்குளிப்புப் பயிற்சியாளராக வேலை பார்த்தேன். கடற்கரை பற்றி என் பங்குக்கு.

தீவில் ஊர்களை எண் வைத்தே சொல்வார்கள். 3 என்றால் கோவிந்த நகர், 5 விஜய நகர், 7 ராதா நகர். விடுதிகள் பெரும்பாலும் 3-க்கும் 5-க்கும் இடையில், கிழக்குக் கரையில். ராதா நகர் மேற்கில். 2004-இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது அதைத்தான். சூரியன் கடலில் இறங்குவதை அங்கேதான் பார்க்கலாம். கிழக்குக் கரையில் விடியல் மட்டும்தான். "விஜய நகரில் அஸ்தமனப் படம்" என்று யாராவது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், தீவைப் பார்க்காமல் எழுதியது என்று புரிந்துகொள்ளுங்கள்.

கிழக்குக் கரையில் இன்னொரு விஷயம், வற்றம், அதாவது கடல் நீர் இறங்குவது. இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய 2 மீட்டர் வித்தியாசம் வரும். கரை சரிவில்லாமல் தட்டையாகக் கிடப்பதால் நீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். காலையில் பச்சையும் நீலமுமாகக் கால் நனைத்த இடத்தில், பிற்பகலில் பாறையும் செத்த பவளத் துண்டுகளும் பாசியுமாகக் கிடக்கும். அதுவும் ஓர் அழகுதான். குட்டைகளில் நண்டும் சின்ன மீனும் கடல் அட்டையும் பார்க்கலாம். ஆனால் அலை காலைத் தொடும் இடத்தில் மாலை மாற்றலாம் என்று கற்பனை செய்திருக்கும் பெண்ணுக்கு அது ஏமாற்றமாகிவிடும். ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் பார்த்த நண்பர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. இந்திய சர்வே துறை வருஷாவருஷம் அலை அட்டவணை வெளியிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸின் தளத்திலும் பார்க்கலாம். தேதியைக் குறிக்கும்போதே பஞ்சாங்கத்தோடு அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றையும் பாருங்கள். பிப்ரவரியில் வடகிழக்கிலிருந்து வரும். கிழக்குக் கரையில் நேராக முகத்தில் அடிக்கும். ராதா நகர்ப் பக்கம் காட்டின் மறைவில் அமைதியாக இருக்கும்.

வேம்படி

அப்படியானால் ராதா நகரிலேயே வைத்துவிடலாமா?

ஹாடோவாசி

தம்பி, வேண்டாம் என்பேன். அது எல்லோருக்கும் பொதுவான கடற்கரை. பின்னால் இருப்பது வனத்துறைக் காடு. அந்தி சாய்ந்ததும் விசில் அடித்து எல்லோரையும் கரையேற்றிவிடுவார்கள். பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி என்றால் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும், தீவுக் குடும்பங்கள் சாயங்காலம் பிள்ளைகளை அழைத்துவந்து உட்கார்கிற இடம் அது. 1950-களில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து, காடு திருத்திக் குடியேறியவர்களின் வாரிசுகள் அவர்கள். 2011 கணக்கெடுப்பில் மொத்தத் தீவுக்கே ஆறாயிரத்துச் சொச்சம் பேர்தான். அவர்களுடைய முற்றத்தைக் கயிறு கட்டி மறித்து நாம் கல்யாணம் நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

விடுதிக்கு முன்னால் உள்ள கரையில், ஏற்றம் பார்த்து வையுங்கள். ராதா நகருக்கு மறுநாள் மாலை எல்லோரும் சும்மா போய் உட்காருங்கள். கரையோரம் ஓங்கி நிற்கும் கடல் மகுவா மரங்களின் நிழலே போதும்.

கரிசல்மண்

நான் ஒன்று கேட்கலாமா? யார் மனதையும் புண்படுத்த இல்லை. இவ்வளவு தூரம் போய் ஏன் கல்யாணம்? ஊரில் இருக்கிற சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுப் பாட்டி யாரும் வர முடியாது. வசதி உள்ளவர்கள் மட்டும் வருகிற கல்யாணமாக ஆகிவிடாதா? நண்பர்களுக்குமே விமானம், கப்பல், விடுதி என்று ஒரு மாதச் சம்பளம் போய்விடும். கூச்சத்தில் வர முடியாது என்று சொல்லாமல் கடன் வாங்கி வருபவர்களும் உண்டு.

வேம்படி

கரிசல்மண் ஐயா, நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவர்களும் இதைப் பேசினார்கள். சட்டப்படியான பதிவு கோவையில், ஜனவரியில். அன்றே இரண்டு பக்கத்துச் சொந்தங்களுக்கும் மதியச் சாப்பாடு. தீவில் நடப்பது தாலி கட்டும் சடங்கும் ஒரு சின்ன ஜெபமும். நண்பர்களில் இரண்டு பேருக்குச் செலவு கட்டுப்படியாகாது என்று தெரிந்து, அவர்களுடைய டிக்கெட்டை மாப்பிள்ளையே யாரிடமும் சொல்லாமல் எடுத்துவிட்டான். இதை இங்கே எழுதலாம், பெயர் இல்லாததால்.

மஞ்சள்கயிறு

பதிவை ஊரில் வைத்தது நல்ல முடிவு. இரண்டு மதம் என்பதால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம்தான். அதில் இரண்டு பேரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்து இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். தீவில் போய் அதைச் செய்வது விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நடக்காத காரியம். திட்டமிடுகிற மற்றவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

கரிசல்மண்

ஊரிலும் சாப்பாடு உண்டு என்றால் என் மனக்குறை தீர்ந்தது. மணமக்களுக்கு என் ஆசி. அந்த மாப்பிள்ளைப் பையனுக்குத் தனியாக ஒன்று.

ஆழித்துரும்பு

அலங்காரம் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். அங்கே மனசு வலிக்கிற காட்சிகளைப் பார்த்திருக்கிறேன்.

கரையில் கிடக்கும் பவளத்தை, சங்கைப் பொறுக்கி மணவறை ஓரத்தில் அடுக்குவார்கள். செத்த பவளமானாலும் எடுக்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு இருக்கிற அதே பட்டியல். சங்கு, சோழிகளில் பல வகைகளும் பாதுகாக்கப்பட்டவை. நினைவுக்கு என்று பையில் போட்டால் விமான நிலையச் சோதனையில் பிடிபடும். காலி சங்கு என்று நாம் நினைப்பது துறவி நண்டுக்கு வீடு. அந்தியில் விளக்கடித்துப் பாருங்கள், கரையெங்கும் சங்கு நடந்து போகும்.

மினுமினுக் காகிதத் துகள், பலூன், வானில் விடும் காகித விளக்கு, பட்டாசு எதுவும் வேண்டாம். எல்லாம் கடைசியில் கடலில்தான் விழும். ட்ரோன் படம் பிடிப்பதற்கு அந்தமானில் முன் அனுமதி கட்டாயம். பாதுகாப்புத் துறை சார்ந்த பகுதி என்பதால் இதில் விளையாட்டே கிடையாது. படக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், கருவியை எடுத்துவந்து துறைமுகத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பூ வேண்டுமானால் தூவுங்கள், உதிரிப் பூவாக. நாரும் ஜரிகையும் சேர்த்துக் கட்டியதைக் கரையில் விட்டு வராதீர்கள்.

தேங்காய்ப்பால்

சாப்பாட்டு ஆளாக என் குறிப்புகள். தீவில் சமையல்காரர்கள் பெரும்பாலும் வங்காளிகள். மீன் அவர்கள் கையில் அருமையாக வரும். கடுகரைத்த மீன் குழம்பை விட்டுவிட்டு "எங்களுக்கு சாம்பார்தான்" என்று அடம்பிடிக்காதீர்கள். சைவம் சாப்பிடுகிற பெரியவர்களுக்குத் தனியாகப் பேசி வையுங்கள். புளி, பெருங்காயம், சாம்பார்ப் பொடி மட்டும் நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். காய்கறி நிறைய கப்பலில்தான் வருகிறது, 30 பேருக்கு என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மல்லிகைச் சரம் வேண்டுமானால் சென்னையிலிருந்தே ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போங்கள்.

தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, சின்னத் தீவுக்கு நன்னீர் பெரிய விஷயம்.

பரிசைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். உள்நாட்டு விமானத்தில் 15 கிலோ. குத்துவிளக்கும் மிக்சியும் போனால் மணமக்கள் அதை எப்படித் திரும்பக் கொண்டுவருவார்கள்? மொய்யாக வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு ஒரு வாழ்த்துக் கடிதம் கையில் கொடுங்கள். கைச்செலவுக்குக் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு இணையம் எவ்வளவோ தேவலாம் என்றாலும், சிக்னல் போய்விட்டால் கைபேசியில் பணம் அனுப்ப முடியாது.

பூவரசு

உடை பற்றி யாரும் சொல்லவில்லையே. கனமான பட்டு வேண்டாம், ஓரம் முழுக்க ஈர மணல் ஏறிவிடும். பருத்தி, அல்லது லேசான மென்பட்டு. ஆண்களுக்கு ஒட்டிக்கோ வேட்டி நல்லது, அந்தக் காற்றில் சாதா வேட்டியைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும். மணலில் குதிகால் செருப்பு புதையும். சாயங்காலம் மணல் ஈ கடிக்கும். கண்ணுக்கே தெரியாது, ஆனால் கடித்த இடம் நாள்கணக்கில் அரிக்கும், சொறியக் கூடாது. காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் பரவாயில்லை. கப்பலில் குமட்டல் வருகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டத் தொடங்கிய பிறகு போட்டால் கேட்காது. முட்டிவலிக்காரர்களுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி கேளுங்கள், பிளாஸ்டிக் நாற்காலியின் கால் மணலில் இறங்கும், அடியில் பலகை போடச் சொல்லுங்கள்.

வேம்படி

கல்யாணம் முடிந்து ஊர் திரும்பிவிட்டோம். இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு, நடந்ததைச் சொல்வதுதான் மரியாதை.

ஏற்றம் பார்த்துக் காலையில் வைத்தோம். ஜோசியர் ஹேவ்லாக்குக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த முகூர்த்தம் எட்டு மணிக்குள் முடிந்தது. அலை மணவறையிலிருந்து பத்தடியில் நின்றது. பெண்ணின் பெரியப்பா ஒரு சங்கீதத்தை வாசித்து ஜெபம் செய்தார். பிறகு தாலி.

காற்றுதான் சோதித்தது. குத்துவிளக்கை மூன்று பக்கம் அட்டை வைத்து மறைத்தும் திரி நிற்கவில்லை. ஏற்றுவதும் அணைவதுமாக இருக்க, பையனின் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று, விளக்கு அணைந்தால் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. விடுதியில் சமைக்கும் வங்காள அம்மா ஒருவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், கண்ணாடிச் சிம்னி வைத்த பழைய அரிக்கேன் விளக்கை எடுத்துவந்தார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, திரியைக் கொஞ்சம் தூக்கி, அம்மாவின் கையிலேயே தீப்பெட்டியைக் கொடுத்தார். அம்மா ஏற்றினார். சுடர் ஒரு தடவை ஆடிவிட்டு நிமிர்ந்து நின்றது.

முடிச்சுப் போடும் நேரம் எங்கள் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் குலவையிட்டார். அந்த அம்மாவும், கூட இருந்த மற்ற பெண்களும் உடனே அவர்கள் வழக்கப்படி நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். வங்காளக் கல்யாணங்களிலும் இது உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. பெரியம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது, ஆனால் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள்.

நீங்கள் சொன்னதில் எனக்கு அதிகம் கைகொடுத்தது அலை அட்டவணை. அதே நாள் பிற்பகலில் கரையைப் பார்த்தேன், ஆழித்துரும்பு சொன்ன மாதிரியே பாறையாகக் கிடந்தது. ராதா நகருக்கு மறுநாள் போனோம். கடலில் இறங்குவதானால் உயிர்காப்பாளர் காட்டும் எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள். 2010-இல் அங்கே முதலை தாக்கி ஒரு பயணி இறந்ததை அவர்களே சொல்லி எச்சரிக்கிறார்கள்.

ஆழித்துரும்பு

வாசிக்கவே நிறைவாக இருக்கிறது. மணமக்களுக்கு வாழ்த்து. குப்பையை என்ன செய்தீர்கள்?

வேம்படி

சாப்பாடு வாழையிலையில். பிளாஸ்டிக் என்று சேர்ந்தது இரண்டு பை, போர்ட் பிளேர் வரைக்கும் எடுத்துவந்து அங்கே சேர்த்தோம். கரையை நண்பர்கள் எல்லோரும் வரிசையாக நடந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

உப்புக்காற்று

புதிதாகச் சேர்ந்தவன். தங்கைக்கு இதே தீவில் வைக்க ஆசை. எங்களுக்கு வசதிப்படுவது டிசம்பர் முதல் வாரம் அல்லது மே கடைசி. எது நல்லது?

ஹாடோவாசி

இரண்டுமே வேண்டாம், தம்பி. மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை இங்கேதான் முதலில் இறங்கும், கப்பல் அடிக்கடி நிற்கும். டிசம்பர் முதல் வாரம் புயல் காலத்தில் வருகிறது. 2016-இல் சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா, அதற்கு முன் இங்கேதான் உருவாகி நின்றது. ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டு, கடைசியில் கடற்படைக் கப்பல்கள் வந்து அழைத்துப் போயின. அப்படி நேரத்தில் வயதானவர்களுக்கு உடம்புக்கு வந்தால் தீவில் ஆரம்ப சுகாதார நிலையம் மட்டும்தான், பெரிய வைத்தியத்துக்குப் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

ஜனவரி கடைசி முதல் மார்ச் வரைக்கும் பாருங்கள். தங்கையின் விடுப்பு எப்போது கிடைக்கும் என்று கேட்டு இரண்டு மூன்று தேதிகளை இங்கே போடுங்கள். அந்தந்த நாளின் ஏற்ற நேரத்தைப் பார்த்துச் சொல்கிறேன், அதற்குப் பிறகு ஜோசியரிடம் போகலாம்.